மூன்றாம் ஓலையில் எழுந்து நின்றவர்

ஜாபேஸுக்கு நீச்சல் தெரியாது என்பது வண்ணார்பேட்டையில் ஆற்று மீன்களுக்குக்கூடத் தெரியும். வீட்டிலிருந்து தாமிரபரணி கூப்பிடு தூரம். அந்தத் தெருவில் நடக்கக் கற்ற பிள்ளைகள் எல்லாம் அடுத்த கோடையில் நீந்தவும் கற்றுவிடுவார்கள். ஆனால் நீச்சலைப் பற்றிப் பேச ஜாபேஸை விட்டால் ஆள் கிடையாது. கடலை நீந்திக் கடந்த வெள்ளைக்காரி ஒருத்தி எழுதிய வாழ்க்கைக் கதையை அவர் இரண்டு முறை படித்திருந்தார். எங்கே மூச்சை விட வேண்டும், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் எப்படி மல்லாக்க மிதக்க வேண்டும், ஜெல்லி மீன் கொட்டினால் எதைத் தடவ வேண்டும், எல்லாம் அத்துப்படி. "தாமிரவருணியில ஜெல்லி மீனு ஏதுவே?" என்று ஒருவர் கேட்டபோது, "வரலாம்லா" என்றார் அசராமல்.

அவர் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். வயது நாற்பத்து மூன்று. குடி கிடையாது, வெற்றிலை கிடையாது, வம்பு கிடையாது, மனைவியும் கிடையாது. மாடி அறை முழுக்கத் தன்வரலாறுகள். தளபதிகள், மருத்துவர்கள், மல்யுத்தக்காரர்கள், சிறைக்குப் போய் வந்தவர்கள், சினிமாவில் மின்னி மங்கிய நடிகைகள், பனிமலையில் கால் விரலைத் தொலைத்தவர்கள் என்று உலகத்தில் யாரெல்லாம் அடிபட்டுவிட்டு உட்கார்ந்து எழுதினார்களோ, அவர்கள் அத்தனை பேரும் அந்த அறையில் வரிசையாக நின்றார்கள். கதைப் புத்தகத்தை அவர் கையால் தொட மாட்டார்.

"கதை எழுதுதவன் அடிபட்டவன் இல்ல. பக்கத்து வீட்டுல சத்தம் கேட்டு எழுதுதவன்" என்பார். கீழ் வீட்டில் அக்கா பாக்கியவதி வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்து முந்தானையால் கண்ணைத் துடைக்கும்போதெல்லாம் அவர் மனம் இரங்கும். இத்தனை அறிவாளியான தம்பிக்கு இப்படி ஓர் அக்கா!

அவருடைய கொள்கை எளிமையானது. சொந்தமாக அனுபவப்படுவது வீண் செலவு. உடம்புக்கும் கேடு, மனசுக்கும் கேடு. எல்லா அனுபவத்தையும் யாரோ ஏற்கெனவே பட்டுத் தொலைத்துவிட்டார்கள். பட்டதோடு விடாமல் அட்டை போட்டுப் புத்தகமாகவும் கொடுத்துவிட்டார்கள்.

"பள்ளத்துல விழுந்தவன் எழுதி வச்சிருக்கான். பொறவு நாம எதுக்குக்கா விழணும்?"

"நடக்கவனுக்குத்தாம்லே பள்ளம். நீ நாற்காலியில இருந்துக்கிட்டுல்லா பள்ளத்தப் பத்திப் பேசுத" என்பாள் பாக்கியவதி.

இளமையில் அவருக்குப் பெண் பார்க்காமல் இல்லை. நாங்குநேரியிலிருந்து ஒரு நர்ஸ் வந்தாள். நர்ஸைக் கட்டிய ஒரு டாக்டர், தன் வீடே கடைசிவரை ஆஸ்பத்திரி வாடை அடித்ததாகப் புலம்பி எழுதியிருந்தார். ஆகவே வேண்டாம். கூடங்குளத்திலிருந்து ஒரு பெண், பார்க்க லட்சணமாக இருந்தாள். கடற்கரைப் பெண்கள் புருஷனைவிடக் கடலையே அதிக நேரம் பார்ப்பார்கள் என்று ஒரு கப்பல் கேப்டன் எழுதியிருந்தார். வேண்டாம். பாட்டு டீச்சர் ஒருத்தி. ஒரே வீட்டில் இரண்டு சுருதி சேராது என்று ஒரு பாடகர் எழுதியிருந்தார். ஜாபேஸ் பாட மாட்டார். இருந்தாலும் வேண்டாம்.

பாக்கியவதியின் கணவர் கிருபைராஜ் மார்க்கெட்டில் வாழைத்தார் கமிஷன் கடை வைத்திருப்பவர். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"மாப்ள, இத்தன பொஸ்தகம் படிக்கியே, எவனாவது நான் நல்லா வாழ்ந்தேன்னு எழுதியிருக்கானா?"

"நல்லா வாழ்ந்தவன் எதுக்கு அத்தான் எழுதப்போறான்? அவனுக்கு நேரம் ஏது?"

"அப்ப நீ இத்தன வருசமா கெட்டுப் போனவன் பேச்சக் கேட்டா குடும்பம் நடத்தாம இருக்க?"

அதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லாததால் ஜாபேஸ் மாடி ஏறிப் போய்விட்டார்.

இப்படிப்பட்ட பாலைவனத்திலும் ஒரு பூ பூத்தது. பூக்க வைத்தது தாமிரபரணி.

ஆறு ஊருக்குள் வந்த அந்த மார்கழியில், தெரு முழுக்க மூட்டை முடிச்சோடு வேதக்கோயில் மண்டபத்துக்குப் போய்விட்டது. ஜாபேஸ் மட்டும் வரவில்லை. வெள்ளத்தில் பிழைத்த ஒரு வெளிநாட்டுக்காரர், வீட்டை விட்டு இறங்காதே, உச்சியில் ஏறு, சிவப்புத் துணியைக் காட்டு என்று எழுதியிருந்தார். ஜாபேஸ் சிவப்புப் போர்வையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடியில் ஏறி ஹெலிகாப்டரை எதிர்பார்த்து நின்றார். "சரி, நீ பறந்து வா. நாங்க நடந்து போறோம்" என்று அக்காவும் அத்தானும் கிளம்பிவிட்டார்கள். மண்டபத்தில் எல்லாரும் சுடச்சுட உப்புமா தின்றுகொண்டிருந்தபோது, இவர் மழையில் நனைந்த போர்வையைப் பிழிந்து பிழிந்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தெருமுனையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டெபோரா வந்தாள்.

டெபோரா அடுத்த தெருக்காரி. பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர், கோயிலில் பாடகர் குழு. படுக்கையில் விழுந்த தகப்பனைப் பார்த்துக்கொண்ட காலத்தில், கல்யாண வயது அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே தெருவைக் கடந்து போயிருந்தது. தகப்பன் கண் மூடியபோது அவளுக்கு முப்பத்தாறு. தம்பி வீட்டில் இருந்தாள். ஆனால் அவள் சிரிப்பில் மட்டும் சோகத்தின் நிழல் விழவே இல்லை. அது எந்தக் கல்லையும் கரைக்கிற சிரிப்பு. ஜாபேஸ் கல் அல்ல, காகிதம். அதுதான் பிரச்சினை.

"ஜாபேஸ் சார்! அங்கன என்ன கொடியேத்துதியளா? இறங்கி வாங்க!"

"தண்ணி ஓடுது டீச்சர்!"

"முழங்காலுதான் சார்! நான் நின்னுக்கிட்டுல்லா பேசுதேன்!"

"முழங்கால் தண்ணியே ஆள உருட்டிரும்னு படிச்சிருக்கேன்!"

"எழுதுனவரு உருண்டாரா, நின்னாரா?"

"உருண்டுதான் எழுதினாரு!"

அவள் தலையில் அடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள். அவர் கையைப் பிடித்தாள். கடைக்குட்டிப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போவது போல, "பைய, பைய" என்று சொல்லித் தெரு முழுக்க நடத்திக்கொண்டு போனாள். அந்தச் சில்லிட்ட தண்ணீரில், அந்தச் சூடான கையில், நாற்பது வருஷமாக மூடிக் கிடந்த ஏதோ ஒன்று ஜாபேஸுக்குள் திறந்துகொண்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது. மண்டபத்துக்கு வந்ததும் நேராக அக்காவிடம் போய், "அக்கா, மாரடைப்புன்னா இடது கை வலிக்கும்னு எழுதியிருக்கான். எனக்கு வலது கைதான் ஒரு மாதிரியா இருக்கு" என்றார். பாக்கியவதி அவர் வலது கையைப் பார்த்தாள், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள், உப்புமாத் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். தொடர்கதை படிக்கிறவளுக்கு அந்த ஒரு நொடி போதும்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் டெபோரா புத்தகம் வாங்க வந்தாள். ஏதாவது ஒரு டப்பாவில் பணியாரமோ முறுக்கோ கூடவே வரும். அவளுக்கு ஒரு பழக்கம். புத்தகத்தைக் கையில் வாங்கியதும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பாள். ஜாபேஸுக்கு உயிர் போகும்.

"டீச்சர், அப்படிப் படிச்சா அனுபவம் வராது."

"இல்ல சார், கடைசியில என்னத்த நெனச்சு அழுதான்னு தெரிஞ்சாப் போதும். மிச்சத்த நானே பாத்துக்கிடுவேன்." பிறகு கண்ணை நிமிர்த்தி, "இந்த ஆளு அந்தப் பொம்பளகிட்ட தன் மனசுல உள்ளத எப்படிச் சார் சொன்னாராம்?" என்று கேட்பாள்.

இதைவிட வெளிச்சமாக ஒரு பெண் விளக்குப் பிடிக்க முடியுமா? ஜாபேஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஏழாவது அத்தியாயத்துல விவரமா இருக்கு" என்பார்.

அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆசை தலைக்கேறி நின்றது. சனிக்கிழமை என்றால் காலையிலிருந்து மூன்று சட்டை மாற்றுவார். கேள்வி, எப்படிச் சொல்வது என்பதுதான். சொந்தமாக யோசித்துச் சொல்வது அநாகரிகம். எனவே படித்தார். ஒரு நீதிபதி கடிதம் எழுதி, அது பெண்ணின் தகப்பனார் கைக்குப் போய், அவர் அதையே வழக்காகப் போட்டுவிட்டார். கடிதம் கூடாது. ஒரு ஓவியர் நேரில் சொல்லி, அவள் சிரித்துவிட, மனம் உடைந்து பதினோரு வருஷம் பாலைவனத்தில் ஒட்டகம் மேய்த்தார். நேரில் கூடாது. ஒரு வியாபாரி தன் சகோதரியைத் தூது அனுப்ப, அவள் போன இடத்தில் நகைப் பேச்சை எடுத்துக் காரியத்தைக் கெடுத்தாள். எனவே அக்காவும் கூடாது. எல்லாக் கதவையும் யாரோ ஒருவர் முட்டி மூக்கை உடைத்துக்கொண்டிருந்ததால், ஜாபேஸ் எந்தக் கதவிலும் முட்டாமல் நடுவீட்டில் நின்றார். இரண்டு வருஷம் நின்றார்.

"ஏலே, நான் போயிப் பேசட்டா?" என்று பாக்கியவதி மாதம் ஒரு தரம் கேட்பாள்.

"நீ கெடுத்திருவக்கா. எழுதியிருக்கு."

"என்னப் பத்தியா எழுதியிருக்கு?"

"உன்ன மாதிரி ஒரு அக்காவப் பத்தி."

"அந்த மூதிய எங்கிட்ட வரச் சொல்லு" என்று அவள் கரண்டியோடு போவாள்.

ஒருவரும் காத்திருக்கவில்லை. ஊர் காத்திருக்காது, டெபோராவின் தம்பி பெண்டாட்டி காத்திருக்கவே மாட்டாள். ஸ்ரீவைகுண்டத்தில் ஞானையா என்று ஒருவர். வாழையும் நெல்லும் வைத்திருந்தார். மனைவியை இழந்து நாலு வருஷம், பிள்ளை இல்லை, நல்ல மனுஷர், வாயே திறக்க மாட்டார் என்று பேர். தரகர் இல்லாமலே பேச்சு முடிந்தது. டெபோரா சரி என்றாள். மனசாரச் சொன்னாளா, மனசை மூடிக்கொண்டு சொன்னாளா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர் அந்த வாரம் ஒரு துருவப் பயணியோடு பனியில் சிக்கியிருந்தார்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். காகிதம் வந்து எத்தனையோ தலைமுறை ஆகியும் அதற்குப் பெயர் ஓலைதான். ஆராதனையின் நடுவே சபைப் போதகரான ஐயர் மணமக்கள் பெயரைச் சொல்லி, இவர்கள் சேருவதற்கு நியாயமான தடை யாருக்காவது தெரிந்தால் அறிவிக்கலாம் என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற வழக்கம் கிடையாது. அந்த இடத்தில்தான் ஜனங்கள் இருமுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், காணிக்கைக்குச் சில்லறை தேடுவார்கள்.

முதல் ஓலையில் டெபோராவின் பெயரைக் கேட்டதும், ஜாபேஸ் கையிலிருந்த பாட்டுப் புத்தகம் நழுவி முன்வரிசைக்காரர் குதிகாலில் விழுந்தது. உலகமே இருண்டது. மின்விசிறி சுற்றியது, ஆனால் காற்று வரவில்லை. பாடகர் வரிசையில் டெபோரா நிமிர்ந்து அவரையே பார்த்தாள். அவர் குனிந்து பாட்டுப் புத்தகத்தைத் தேடினார். அது கிடைத்தபின்னும் தேடினார்.

அந்த வாரம் முழுக்கப் படித்தார். சாகும் தறுவாயில் எழுதியவர்களாகப் பார்த்துப் பொறுக்கிப் படித்தார். என்ன கொடுமை! தளபதி, விஞ்ஞானி, கோமாளி, எல்லாரும் ஒரே குரலில் அழுதிருந்தார்கள். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் போனேனே! இரண்டு வருஷமாக வாயை மூடு என்று சொல்லிக் கொடுத்தவர்களே இப்போது வாயைத் திற என்று கத்தினார்கள். இப்படிக் கட்சி மாறுவார்கள் என்று ஜாபேஸ் எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது ஓலை அன்று காய்ச்சல் வந்து படுத்துக்கொண்டார். உண்மையான காய்ச்சல். தெர்மாமீட்டர் சாட்சி.

மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, டெபோரா வந்தாள். வழக்கமான டப்பா இல்லை. வாங்கிப் போன கடைசிப் புத்தகத்தை மேஜையில் வைத்தாள். நாற்காலியில் உட்காரவில்லை.

"காய்ச்சல் எப்படி இருக்கு?"

"விட்டுட்டு டீச்சர்."

"நாளைக்குக் கோயிலுக்கு வருவியளா?"

"வருவேன்."

அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

"சார், நான் நேரா கேக்கேன். எங்கிட்ட உங்களுக்கு ஏதும் சொல்லணுமா? இன்னிக்குச் சொன்னா நான் கேப்பேன். நாளைக்குப் பொறவு கேக்கக் கூடாது. அது ஞானையாவுக்குத் துரோகம்."

அந்த அறையில் இருந்த அத்தனை தளபதிகளும் மல்யுத்தக்காரர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஜாபேஸின் உதடு பிரிந்தது. நாக்கு அசைந்தது. தொண்டைவரை வந்துவிட்டது அந்த வார்த்தை. ஆனால் எதிரே நேருக்கு நேர் அவள். நேருக்கு நேர் என்றதும் ஒட்டகம் மேய்த்த ஓவியர் கண் முன்னால் வந்து தாடியை நீவினார்.

"பாலைவனத்துல ராத்திரி ரொம்பக் குளிருமாம் டீச்சர்" என்றார் ஜாபேஸ்.

டெபோரா அழுவாள் என்று யாரும் நினைத்திருப்பார்கள். அவள் அழவில்லை. "போர்வை இருக்குல்லா, செவப்புப் போர்வை. பொத்திக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். கீழே பாக்கியவதி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு மாடிக்குச் சாப்பாடு அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜாபேஸ் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். முகத்தில் சிலுவையைச் சுமக்கக் கிளம்பியவன் களை. கடிதம் கூடாது, நேரில் கூடாது, அக்கா கூடாது. ஆனால் சபை நடுவே எழுந்து சொல்லக் கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஏனென்றால் அந்த முட்டாள்தனத்தை அதுவரை ஒருவரும் செய்ததில்லை. திறந்து கிடந்த ஒரே கதவு அதுதான் என்று அவர் நம்பினார்.

ஐயர் பெயர்களை வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். வழக்கம்போல ஜனங்கள் இரும ஆரம்பித்தார்கள். ஐயர் அடுத்த அறிவிப்புக்கு, சபை விருந்தான அசனத்துக்குக் கத்தரிக்காய் கொடுக்கிறவர்கள் பெயருக்குப் போய்விட்டார்.

"ஐயரவாள்!"

இருமல் நின்றது. ஜாபேஸ் எழுந்து நின்றார்.

"என்ன தம்பி, கத்தரிக்காயா?"

"இல்ல. தடை."

வெளியே செருப்புக்குக் காவல் இருந்தவர் உள்ளே வந்துவிட்டார். முப்பது வருஷ ஊழியத்தில் அந்தக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொன்னதில்லையாதலால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஐயருக்கே தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, தடைன்னா சட்டப்படி தடை. ஏற்கெனவே கல்யாணம் ஆனவுகளா, ரத்த உறவா, அந்த மாதிரி. உமக்கு என்ன தெரியும்?"

ஜாபேஸ் தொண்டையைச் செருமினார். சபையில் பேசத் தொடங்கும்போது ஒரு நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்க வேண்டும் என்று ஒரு பேச்சாளர் எழுதியிருந்தார்.

"ஒரு நாட்டுல ஒரு தளபதி இருந்தாரு."

ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவரு பக்கத்துத் தெருவுல ஒரு பெண் இருந்தா. ரொம்ப நல்ல பெண். அவரு எத்தனையோ யுத்தம் ஜெயிச்சாரு. ஆனா அந்தப் பெண்ணுகிட்ட..."

"வே, தளபதிக்கும் நம்ம டெபோராவுக்கும் என்னவே சம்பந்தம்?" என்றார் பின்வரிசையில் ஒரு பெரியவர்.

"அவ அந்தத் தளபதியக் கட்டியிருக்கான்னு சொல்லுதாரு போல" என்று இன்னொருவர் விளக்கம் கொடுத்தார். டெபோராவின் தம்பி பெண்டாட்டி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"இல்ல, இல்ல! தளபதி செத்துட்டாரு!" என்றார் ஜாபேஸ். "சாகும்போது, நான் சொல்லாமப் போயிட்டேனேன்னு அழுதாரு. அத மாதிரி ஆயிரக் கூடாதுன்னுதான்..."

சபைக்குப் புரிந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்த வாய்கள் பாதியில் நின்றன. கைக்குட்டைகள் எடுக்கப்பட்டன. பாக்கியவதி, முதல் முறையாகத் தன் தம்பிக்காக, முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டு போனாள். ஐயரின் குரலும் இளகியது. "தம்பி, தளபதிய விடும். உம்ம மனசுல இருக்கதச் சொல்லும்."

பாடகர் வரிசையில் டெபோரா எழுந்தாள்.

"ஐயரவாள், நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன்." அவள் ஜாபேஸைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. அந்தக் கண்ணில் இன்னும் ஒரு கதவு, ஒரு விரற்கடை அளவு, திறந்துதான் இருந்தது. "இப்பம் நீங்க எந்திரிச்சு நிக்கியளே, இது நீங்களா நிக்கியளா? இல்ல எங்கயாவது படிச்சுட்டு நிக்கியளா?"

நானாகத்தான் என்று ஒரு வார்த்தை. அது போதும். அது உண்மையாகவும் இருந்திருக்கும். அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறிந்தாலும் அவர் அங்கே நின்றுதான் இருப்பார். சபை முழுக்க அந்த வார்த்தைக்காக முன்னால் சாய்ந்தது. ஆனால் பொய் சொல்லிக் குடும்பத்தைக் கெடுத்துக்கொண்ட ஒரு மந்திரியின் ஞாபகம் ஜாபேஸுக்கு வந்தது. ஆதாரம் இருப்பதை மறைக்கக் கூடாது. அவர் நேர்மையானவர்.

"படிச்சதுதான் டீச்சர். தளபதி பொஸ்தகத்துல, கடைசிக்கு முந்தின அத்தியாயம்" என்றார்.

அந்தக் கதவு மூடியதை அவரைத் தவிர எல்லாரும் பார்த்தார்கள்.

"நான் கடைசி அத்தியாயத்தையே படிச்சிட்டேன் சார்" என்றாள் டெபோரா. பிறகு ஐயரைப் பார்த்து, "தடை ஒண்ணும் இல்ல ஐயரவாள். கத்தரிக்காய் பேரு வாசிங்க" என்று சொல்லி உட்கார்ந்தாள். அடுத்த பாட்டில் அவள் குரல் மட்டும் முதல் இரண்டு அடிக்கு வரவில்லை. மூன்றாவது அடியிலிருந்து சரியாக வந்தது.

கல்யாணத்துக்கு ஜாபேஸும் போனார். போகாதிருந்து வருந்திய ஒருவரை அவர் படித்திருந்தார். ஸ்ரீவைகுண்டத்தில் பந்தல் நிறைய வாழைக்குலை. பிரியாணிப் பந்தியில் ஆளுக்கு ஆள் அவரைக் கை காட்டி ஏதோ பேசிக்கொண்டார்கள். அவர் எலும்பை ஒதுக்கி வைத்துவிட்டுக் கவனமாகச் சாப்பிட்டார்.

கை கழுவும் இடத்தில் மாப்பிள்ளை ஞானையாவே தேடி வந்துவிட்டார். கறுத்து, உறுதியாக, மாலையைச் சுமக்கத் தெரியாமல் சுமந்துகொண்டு நின்றார். பக்கத்தில் அக்காவும் அத்தானும் இருந்தார்கள். அடிக்கப் போகிறார் என்று கிருபைராஜ் ஓர் அடி முன்னால் வந்தார். ஞானையா ஜாபேஸின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், உங்களுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்."

"எனக்கா?"

"நான் வாயத் தொறக்காத ஆளு சார். மொத பெண்டாட்டிகிட்ட தண்ணி, ஒரம், தாறு, இதுக்கு மேல ஒரு வார்த்த பேசுனது கெடையாது. ஒரு நாளு அவ போயிட்டா. பொறவு யார்கிட்டப் பேச? அன்னைக்குக் கோயில்ல நீங்க நின்னத எனக்குப் போன்ல சொன்னாவ. கேட்டதும் ஈரக்கொலையே நடுங்கிட்டு. அந்தால டெபோராவக் கூப்பிட்டேன். மனசுல கெடந்ததப் பூராம் கொட்டிட்டேன். அழுதுட்டேன் சார். அவளும் அழுதா. அதுக்குப் பொறவுதான் இது கல்யாணம்."

ஜாபேஸ் கையை உருவிக்கொண்டார். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. பழக்கம்.

"ஏதும் பொஸ்தகத்தப் பாத்துப் பேசினியளா?"

"எதப் பாக்க? உங்களப் பாத்துத்தான்" என்றார் ஞானையா, வெள்ளை மனசோடு.

திரும்பும் ரயிலில் கிருபைராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டே வந்தார். அவருக்குத் தெரிந்து வண்ணார்பேட்டையில் இன்னும் இரண்டு பேர், ஆறு மாசமாகப் பம்மிக்கொண்டிருந்தவர்கள், அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே போய்ப் பெண் கேட்டுவிட்டார்களாம். பையன் தயங்கினால் போதும், "ஜாபேஸ் சார் மாதிரி தளபதி கதை சொல்லிக்கிட்டு நிக்கப் போறியாலே?" என்று தாய்மார்கள் கேட்கிறார்களாம்.

"பாத்தியா மாப்ள, ஊரே ஒன்னப் படிச்சுத் தேறிட்டு."

"சும்மா வாங்க" என்று பாக்கியவதி கணவரை அதட்டினாள். அவள் வாரப் பத்திரிகையைப் பிரித்தாள். தொடர்கதையில் மனம் போகவில்லை. எதிர் இருக்கையில் தம்பியைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் அதைப் பார்க்கவில்லை. பையிலிருந்து புதிய புத்தகம் ஒன்றை எடுத்து, குனிந்து, பென்சிலால் அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் பக்கத்தின் மேல் விழுந்தது. ஈரம் காகிதத்துக்கு ஆகாது என்று அதை உடனே கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார்.

"என்னலே படிக்க?" என்றாள் அவள், இதமாகவே.

"ஒரு கப்பல் இன்ஜினியருக்கா. பிரியமா இருந்த ஒரு பொண்ணுகிட்ட மனசத் திறந்து சொல்லாம, கடைசி வரைக்கும் தனியாவே இருந்துட்டாரு." ஜாபேஸ் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பெருமூச்சு விட்டார். "பாவம்க்கா. இவரு அனுபவம் நமக்கு உதவும்."

பாக்கியவதி பத்திரிகையை மடக்கி மடியில் வைத்துவிட்டு, ஊர் வந்து சேரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.